குவாஷ் வகுப்பில் சேர்ந்தாச்சு, என்னென்ன வாங்குவது?

வாசகர் கேள்வி பதில்

பத்திரிகையில் குவாஷ் ஓவியம் பற்றிச் சின்னதாக ஒரு குறிப்பு வந்ததிலிருந்து வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வகுப்பில் சேர்ந்துவிட்டேன், கடைக்குப் போகப் போகிறேன், என்ன வாங்குவது? அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். இந்த வண்ணம் புதிதாகத் தெரிபவர்களுக்கு ஒரு வார்த்தை. வாட்டர்கலரைப் போலவே இதிலும் நிறப்பொடியும் வேல மரப் பிசின் வகையைச் சேர்ந்த கம் அராபிக்கும்தான் இருக்கின்றன. ஆனால் நிறப்பொடி அதிகம், சில தயாரிப்புகளில் கூடவே சாக் பொடியும் சேர்ப்பார்கள். அதனால் அடியில் இருப்பதை மறைக்கும், காய்ந்தால் பளபளப்பில்லாமல் வெல்வெட் மாதிரி நிற்கும். இருட்டின் மேல் வெளிச்சத்தை வைக்கலாம் என்பதுதான் வாட்டர்கலர்காரர்களுக்கு இதில் பெரிய சந்தோஷம்.

அடுத்த மாதம் வார இறுதி குவாஷ் வகுப்பில் சேர்கிறேன். 24 கலர் செட், 12 பிரஷ், காட்டன் பேப்பர், ஈசல் என்கிற படத்தாங்கி, போர்ட்ஃபோலியோ பை என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் வகுப்புக் கட்டணத்தைவிட அதிகம் வருகிறது. எல்லாமே வேண்டுமா? – கல்லூரி விரிவுரையாளர், திருச்சி

வேண்டாம். ஈசல் கண்டிப்பாக வேண்டாம், குவாஷை மேசையில் வைத்துத்தான் போடுகிறோம், அட்டைக்குக் கீழே ஒரு புத்தகத்தைச் செருகி லேசாகச் சாய்த்துக்கொண்டால் போதும். பையும் இப்போதைக்கு வேண்டாம். 24 கலர் செட் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்த மாதிரிப் பெரிய செட்டுகளில் ஒவ்வொரு ட்யூபும் பெரும்பாலும் 12 மி.லி. அளவுதான். அதில் ஐந்தாறு பச்சை, மூன்று நான்கு ஆரஞ்சு, தோல் நிறம் என்று பெயர் போட்ட ஒரு ரோஸ், தங்கம், வெள்ளி எல்லாம் இருக்கும், வெள்ளை மட்டும் ஒன்றே ஒன்று. குவாஷில் முதலில் தீர்வது வெள்ளை. வானம், சுவர், முகம், நிழல் விழுந்த வேட்டி, எதைப் போட்டாலும் வெள்ளை கலக்கிறோம், சில வகுப்புகளிலேயே அந்த ஒரு ட்யூப் காலி ஆகிவிடும், மற்ற 23 ட்யூப் சும்மா கிடக்கும். அதனால் என் யோசனை, பணத்தை வெள்ளையிலும் காகிதத்திலும் போடுங்கள், நிறங்களின் எண்ணிக்கையில் போடாதீர்கள். பழகும்போது காகிதம் தீர்ந்துவிடுமே, வெள்ளை வீணாகிறதே என்று கை தயங்கக் கூடாது. தயங்கினால் நீர்க்க நீர்க்கப் போடுவீர்கள், நீர்க்கப் போட்டால் குவாஷ் மறைக்காது, அப்புறம் 'எனக்கு இது வரவில்லை' என்று தோன்ற ஆரம்பிக்கும்.

என் பட்டியல் இது: டைட்டானியம் ஒயிட் பெரிய ட்யூபாக ஒன்று. சில கம்பெனிகள் இதையே பர்மனென்ட் ஒயிட் என்று போடுவார்கள். பக்கத்திலேயே ஜிங்க் ஒயிட் இருக்கும், அது கொஞ்சம் ஊடுருவித் தெரியும், மெல்லிய கலவைகளுக்கு நல்லது, ஆனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டைட்டானியம். மஞ்சளில் லெமன் எல்லோவும் எல்லோ ஓக்கரும். சிவப்பில் இரண்டு வேண்டும், ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த ஒரு சிவப்பு, இன்னொன்று மெஜந்தா அல்லது ரோஸ். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு சாதாரணச் சிவப்பையும் நீலத்தையும் கலந்து ஊதா வரவில்லை, சேறுதான் வருகிறது என்று கேட்பார்கள். அந்தச் சிவப்புக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது, அதுதான் காரணம். மெஜந்தாவோடு அல்ட்ராமரைன் சேர்த்தால் கத்தரிப்பூ நிறம் சுத்தமாக வரும். நீலத்தில் அல்ட்ராமரைனும், பச்சைப் பக்கம் சாய்ந்த தாலோ நீலமும். பிறகு பர்ன்ட் அம்பர், ஒரு கறுப்பு. மொத்தம் ஒன்பது.

பச்சையே இல்லையே என்று கேட்பீர்கள். லெமன் எல்லோவில் தாலோவை நுனியில் தொட்டுக் கலந்தால் நாற்றங்கால் பச்சை வந்துவிடும், தாலோ ரொம்ப வீரியமானது, ஊசிமுனை அளவு போதும். வேப்பிலை, பனை ஓலை மாதிரி மங்கிய பச்சைக்கு மஞ்சளில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து பாருங்கள், நீலமே தேவைப்படாது. அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்தால் கறுப்பைவிட அழகான ஒரு இருட்டு வரும். ட்யூபிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே மரத்துக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இதையெல்லாம் கண்டுபிடிக்க வாய்ப்பே வருவதில்லை, எனக்கு அது ரொம்ப வருத்தமான விஷயம்.

தனித்தனி ட்யூப் உங்கள் ஊரில் கிடைக்கவில்லை என்றால் 12 கலர் செட் ஒன்று, கூடவே வெள்ளை மட்டும் தனியாக ஒரு பெரிய ட்யூப். பட்டியலில் உள்ளதைக் குறைத்து வாங்கலாமா என்று ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள். பல இடங்களில் அந்தப் பட்டியல் வாட்டர்கலர், அக்ரிலிக், குவாஷ் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட பொதுப் பட்டியலாக இருக்கும். முதல் வகுப்புக்கு இதோடு போங்கள், குறைந்தால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

அண்ணா, நான் பிளஸ் டூ படிக்கிறேன். குவாஷ் வாங்கக் காசு இல்லை. வீட்டில் கேமல் போஸ்டர் கலர் இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா? – மதுரை

கிட்டத்தட்ட அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள், ஒன்றே இல்லை. போஸ்டர் கலரில் நிறப்பொடி குறைவு, அந்த இடத்தை வெள்ளைப் பொடி நிரப்புகிறது. அதனால் மூன்று நிறத்தைக் கலந்தாலே கலவை வெளிறிப் போகும், நல்ல குவாஷில் கிடைக்கும் ஆழமான இருட்டு வராது, தடிமனாகப் போட்டால் காய்ந்து வெடிக்கும். ஆனால் வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே, வடிவம் எங்கே முடிகிறது, விளிம்பை எங்கே கூர்மையாக விடுவது, எங்கே கரைப்பது என்று முதல் ஆறு மாதம் படிக்கப் போகும் எல்லாவற்றையும் போஸ்டர் கலரிலேயே படிக்கலாம். தாராளமாக ஆரம்பி.

இன்னொன்றும் தெரிந்துகொள். ஜப்பானில் ஜிப்லி ஸ்டுடியோவின் அனிமேஷன் படங்களுக்குப் பின்னணி வரைந்த காசுவோ ஓகா பயன்படுத்தியது நிக்கர் என்ற கம்பெனியின் போஸ்டர் கலர். அது நம் பள்ளிக்கூடப் பாட்டிலைவிட வீரியமானது, அது வேறு விஷயம், ஆனால் போஸ்டர் கலர் என்றாலே குழந்தைகள் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் அந்தக் காடுகளையும் மேகங்களையும் எடுத்துக் காட்டு.

பாட்டிலைத் திறந்ததும் மேலே நிற்கும் தண்ணீரை ஊற்றிவிடாதே, பிசின் அதில்தான் இருக்கிறது. ஒரு குச்சியால் அடிவரை கிளறிவிட்டு எடு. கொஞ்சம் காசு சேர்ந்ததும் வெள்ளையை மட்டும் நல்ல குவாஷ் வெள்ளையாக மாற்றிப் பார், மற்ற நிறங்களும் ஒரு படி உயரும்.

எனக்கும் பத்து வயது மகளுக்கும் சேர்த்து வாங்க வேண்டும். சின்னச் சின்னக் கப்புகளில் ஜெல்லி மாதிரி வருகிறதே, அந்த செட் பார்க்க ஆசையாக இருக்கிறது. வாங்கலாமா? – கோவை

அந்த ஜெல்லி கப் செட்டுகள் ஒரு கப்புக்கு 30 மி.லி. வரை வரும், விலையைப் பார்த்தால் நிறைய வண்ணம் கிடைக்கிறது, குழந்தைகள் தயங்காமல் அள்ளி எடுப்பார்கள், அந்த விதத்தில் எனக்கும் பிடிக்கும். ஆனால் உங்கள் வகுப்பு வீட்டில் இல்லை என்றால் யோசியுங்கள். ஸ்கூட்டரில் சாய்த்து எடுத்துப் போனால் ஒரு கப் இன்னொரு கப்புக்குள் வழியும். அழுக்கு பிரஷை நேராகக் கப்புக்குள் விடுவதால் வெள்ளை ஒரே வாரத்தில் சாம்பல் ஆகிவிடும். பெரிய தொல்லை பூஞ்சை. ஈரத்தோடு மூடி வைக்கும் வண்ணம் அது, ஐப்பசி கார்த்திகை மழையில் மூடித் திறந்தால் மேலே பஞ்சு படர்ந்திருக்கும், வாடையும் வரும்.

வாங்கினால் ஒரு சின்னக் கரண்டியால் தேவையானதைத் தட்டுக்கு எடுத்து அங்கே கலக்கப் பழக்குங்கள். உலர்ந்தால் தெளிப்பதற்குக் கொதித்து ஆறிய தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்த கப்பைச் சுரண்டிவிட்டுக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

குழந்தைக்கு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஓவியர்களுக்கான உயர்தர ட்யூப்களில் கேட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் கலந்த நிறங்கள் உண்டு. மகளுக்கு அவை வேண்டாம், நச்சற்றது என்று குறிப்பிட்ட மாணவர் தர வண்ணமே போதும். பெயருக்குப் பின்னால் 'ஹ்யூ' என்று இருந்தால், உதாரணமாகக் கேட்மியம் எல்லோ ஹ்யூ, அதில் நிஜமான கேட்மியம் இல்லை, அதே சாயலில் வேறு நிறப்பொடி வைத்துச் செய்தது என்று அர்த்தம். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் பெரியவர்களுக்கே நிறைய இருக்கிறது, முதல் நாளே அதைத் தடுத்துவிடுங்கள். வண்ணம் கலக்க எடுத்த தட்டை மறுபடி சாப்பாட்டுக்கு எடுக்க வேண்டாம்.

எந்தக் காகிதம் வாங்குவது என்று கடையில் நின்று குழம்பிப் போனேன். ஜிஎஸ்எம், கோல்ட் பிரஸ், ஹாட் பிரஸ், காட்டன் என்று ஏதேதோ சொல்கிறார்கள். சாதாரண டிராயிங் நோட் போதாதா? – நாகர்கோவில்

டிராயிங் நோட் போதாது. ஈரம் பட்டதும் அலை அலையாக மேடு பள்ளம் ஆகிவிடும், வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் எடை என்ற கணக்கு. குவாஷுக்கு 300 ஜிஎஸ்எம் நிம்மதி, 200க்குக் கீழே போக வேண்டாம்.

நல்ல செய்தி, காட்டன் காகிதம் தேவையில்லை. வாட்டர்கலரில் தண்ணீர் ஓட வேண்டும், நிறம் காகிதத்துக்குள் மெல்ல இறங்க வேண்டும், அங்கே பருத்திக் காகிதம் பெரிய வித்தியாசம் காட்டும். குவாஷ் மேலேயே உட்காரும் வண்ணம், தண்ணீரும் குறைவு. மரக்கூழ் காகிதமே 300 ஜிஎஸ்எம்மில் வாங்கினால் ஒரு வருடம் முழுக்கத் தாராளமாகப் பழகலாம். மேற்பரப்பைப் பொறுத்தவரை ஹாட் பிரஸ் வழவழப்பு, நுணுக்கமான கோடுகளுக்கு நல்லது. கோல்ட் பிரஸ்ஸில் லேசான சொரசொரப்பு இருக்கும், உலர்ந்த பிரஷால் இழுத்தால் புல், பாறை, பழைய காரைச் சுவர் எல்லாம் தானாகவே வரும். எனக்குப் பிடித்தது கோல்ட் பிரஸ்தான், ஆனால் ரொம்ப முரடாக இருக்கும் ரஃப் வகையைத் தொடக்கத்தில் தவிருங்கள்.

சின்னப் பேட் வாங்குவதைவிடப் பெரிய தாளாக வாங்குவது மலிவு. 22க்கு 30 அங்குலத் தாளை எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 11க்கு 7½ அங்குலம், வகுப்புக்கு நேரான அளவு. அந்த அளவையும் இரண்டாக வெட்டிப் பழகுங்கள் என்று நான் சொல்வேன், சின்னத் தாளில் ஒரு மணி நேரத்தில் ஒரு படத்தை முடித்துவிடலாம், முடித்த படம்தான் சொல்லிக்கொடுக்கும்.

புதுச்சேரி பக்கம் போகிறவர்கள் கைக்காகிதம் வாங்கி வருகிறார்கள், பார்க்க மிக அழகு. கைக்காகிதம் எல்லாமே வண்ணத்துக்காகச் செய்ததில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், மணியாக நின்றால் சரி, உடனே உறிஞ்சிக் கறையாகப் பரவினால் அந்தக் காகிதத்தில் பசை ஏற்றவில்லை, உங்கள் வண்ணத்தையும் அப்படியே குடித்து மங்கலாக்கிவிடும். கடைக்காரர் அனுமதித்தால் அங்கேயே ஒரு துண்டில் செய்து பாருங்கள்.

இன்னொரு வழி இருக்கிறது, பலருக்குத் தோன்றுவதில்லை. சாமி படம் பிரேம் போடும் கடை எல்லா ஊரிலும் இருக்கும். அங்கே மவுண்ட் போர்டு, அதாவது பிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் கெட்டி அட்டை, வெட்டியது போக நடுத்துண்டுகள் மிச்சம் விழும், சாம்பல், பழுப்பு, கருநீலம் என்று நிறம் நிறமாக. கேட்டால் மிகக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள், சில இடத்தில் சும்மாவே கொடுப்பார்கள். குவாஷ் மறைக்கும் வண்ணம் என்பதால் நிறமுள்ள அட்டையில் போடுவது தனிச் சுகம், பழுப்பு அட்டையில் வெளிச்சத்தை மட்டும் வைத்தாலே முக்கால் படம் முடிந்துவிடும். காலப்போக்கில் சில அட்டைகள் மஞ்சளாகும், பயிற்சிக்கு அது பரவாயில்லை.

காகிதத்தை ஒட்ட மாஸ்கிங் டேப், அடியில் வைக்கப் பரீட்சை அட்டை. டேப்பை ஒட்டும் முன் உடுத்தியிருக்கும் துணியில் ஒரு முறை ஒட்டி எடுத்தால் பசை கொஞ்சம் தணியும், பிரிக்கும்போது காகிதம் உரியாது. படம் முழுக்கக் காய்ந்த பிறகே பிரியுங்கள்.

பிரஷ் செட் வாங்கினால் போதுமா? கீரி முடி பிரஷ்தான் பெஸ்ட் என்று ஒரு கடையில் சொன்னார்கள். – சேலம்

கீரி முடி பிரஷ் வாங்காதீர்கள். கீரி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதன் முடியில் செய்த பிரஷை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். 2019இல் வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் இந்த பிரஷ் வியாபாரத்தைப் பிடிக்கவே 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில் பல இடங்களில் சோதனை நடத்தியது. ஒரு பிரஷுக்காகக் கீரிகளை அடித்துக் கொல்கிறார்கள், நம் வீட்டுத் தோட்டத்தில் ஓடுகிற அதே கீரி. கடைக்காரர் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம், நீங்கள் காரணத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

குவாஷுக்கு அது தேவையும் இல்லை. அணில் முடி மாதிரி மிக மென்மையான பிரஷ் கெட்டியான வண்ணத்தைத் தள்ளாமல் துவண்டுவிடும். நைலான் வகை செயற்கை இழை பிரஷ்தான் சரியான விறைப்பு. அரை அங்குல ஃபிளாட் ஒன்று, எட்டாம் நம்பர் ரவுண்ட் ஒன்று, இரண்டாம் நம்பர் ரவுண்ட் ஒன்று, இந்த மூன்றும் போதும். நம்பர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், கண்ணால் பார்த்து வாங்குங்கள். ஒரே ஒரு பிரஷுக்குத்தான் பணம் என்றால் ஃபிளாட். அதன் அகலத்தில் பரப்பும் விளிம்பில் கோடும் மூலையில் புள்ளியும் வரும், அதோடு சின்னச் சின்ன விவரங்களில் சிக்கிக்கொள்ளாமல் பெரிய வடிவங்களைப் பார்க்க வைக்கும்.

வேலை முடிந்ததும் சாதாரணக் குளியல் சோப்பில் கழுவிப் படுக்க வைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு நிற்க வைத்தால் தண்ணீர் உலோகக் கழுத்துக்குள் இறங்கிப் பசை இளகி, முடி உதிர ஆரம்பிக்கும்.

வண்ணம் கலந்து முடிப்பதற்குள் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது. காகிதத்தில் போட்டால் காய்ந்த பிறகு வேறு நிறமாகத் தெரிகிறது. மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் கீழே இருப்பது கரைந்து வருகிறது. மலிவான வண்ணம் வாங்கியதுதான் காரணமா? – சென்னை

வண்ணத்தின் மேல் தப்பே இல்லை, விலை உயர்ந்த ட்யூபிலும் இந்த மூன்றும் நடக்கும், குவாஷின் குணம் இது.

காய்வதற்கு முதலில் மின்விசிறியைப் பாருங்கள். நேர் கீழே உட்கார்ந்து போடுகிறீர்களா? சித்திரை வைகாசியில் விசிறியை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டீர்கள், அதனால் வேறு வழி. இறுக்கமாக மூடும் தட்டையான டிபன் பாக்ஸ் ஒன்று எடுங்கள், அடியில் டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்து நனைத்து வையுங்கள், தண்ணீர் தேங்காமல் வழித்துவிடுங்கள், அதன் மேல் கேக் செய்பவர்கள் பயன்படுத்தும் பட்டர் பேப்பரை விரியுங்கள். வண்ணத்தை அந்தத் தாளின் மேல் பிதுக்கினால் கீழிருந்து ஈரம் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும், மூடி வைத்தால் மறுநாளும் அப்படியே இருக்கும். அதற்கு மேல் நாள் கணக்கில் வைத்தால் பூஞ்சை. கலப்பதற்கு மட்டும் தனியாக ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. வெள்ளையாக இருப்பது முக்கியம், எவர்சில்வர் தட்டிலும் நிறத் தட்டிலும் கலந்தால் கண் ஏமாறும்.

நிறம் மாறுவது இப்படி: பொதுவாக வெளிர் நிறங்கள் காய்ந்ததும் ஒரு சாயல் கருக்கும், அடர்ந்தவை ஒரு சாயல் வெளுக்கும். இரண்டும் நடுவை நோக்கி வருவதால் படம் முழுக்கச் சப்பென்று ஆகிவிட்ட மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டு கலந்ததை அதில் தீற்றிக் காயவிட்டுப் பார்த்த பிறகு படத்தில் வையுங்கள், அவசரம் என்றால் ஹேர் டிரையர். ஒரு பெரிய பரப்புக்கு வேண்டியதை மொத்தமாகக் கலந்துவிடுங்கள், பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வருவது கஷ்டம்.

மூன்றாவது, கீழ்ப்பூச்சு கரைவது. பிசின் தண்ணீரில் கரையும், காய்ந்த பிறகும் கரையும். முதல் பூச்சை நீர்க்கப் போடுங்கள், மேலே போகப் போகத் தண்ணீரைக் குறையுங்கள், மேல் பூச்சு தோசை மாவுப் பதத்தில் இருக்கட்டும், ஓரிரு இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால்தான் கரைகிறது. தண்ணீருக்கு இரண்டு டம்ளர் வேண்டும், ஒன்று அழுக்கைக் கழுவ, ஒன்று சுத்தமாகத் தொட்டுக்கொள்ள. பக்கத்தில் பழைய வேட்டித் துணி ஒன்று, பிரஷில் இருக்கும் அதிகத் தண்ணீரை அதில் ஒற்றி எடுக்காவிட்டால் மேலே சொன்ன பதம் நிற்காது. டிஷ்யூவைவிட வேட்டித் துணி எவ்வளவோ மேல்.

என் வகுப்பில் அக்ரிலிக் குவாஷ் வேண்டாம் என்கிறார்கள், கடையில் அதுதான் நிறைய இருக்கிறது. இரண்டும் குவாஷ்தானே? – சிங்கப்பூர்

பார்வைக்கு ஒன்று, நடத்தையில் வேறு. அக்ரிலிக் குவாஷில் பிசினுக்குப் பதிலாக அக்ரிலிக் இருக்கிறது, காய்ந்தால் தண்ணீரில் கரையாது. பூச்சின் மேல் பூச்சு பயமில்லாமல் போடலாம், தட்டையான டிசைன் வேலைக்கும் துணி, மரம் மீது போடவும் அருமை. ஆனால் காய்ந்த விளிம்பை ஈரப் பிரஷால் தடவிக் கரைப்பது, தட்டில் உலர்ந்ததை மறுபடி நனைத்து எடுப்பது, இதெல்லாம் அதில் முடியாது, வகுப்பில் சொல்லித்தரப் போவதே அதுவாக இருக்கும். பிரஷில் காய்ந்துவிட்டால் பிரஷும் போச்சு. பெட்டியில் அக்ரிலா, அக்ரில், அக்ரிலிக் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், டிசைனர்ஸ் குவாஷ் என்று இருந்தால் பெரும்பாலும் நீங்கள் தேடும் பழைய வகைதான்.

பணி ஓய்வு பெற்று, பல வருடமாகத் தஞ்சாவூர் ஓவியம் செய்துவருகிறேன். இந்த வயதில் புது வண்ணம் பழக ஆசை. என்னிடம் உள்ள பொருட்கள் இதற்கு உதவுமா? – தஞ்சாவூர்

ஐயா, உங்களுக்கு இது புதிதே இல்லை. பிசினில் குழைத்த, ஊடுருவித் தெரியாத வண்ணத்தைத்தான் நம் ஊர் ஓவியர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். முகலாய, ராஜஸ்தானி சிற்றோவியங்களுக்கு அருங்காட்சியகங்களில் 'ஒபேக் வாட்டர்கலர்' என்று குறிப்பு எழுதுவார்கள், அது குவாஷின் குடும்பமேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சியில் காக்காப்பொன் தகடுகளில் வரைந்து ஆங்கிலேயர்களுக்கு விற்ற தொழிலாளர் படங்கள், தெய்வப் படங்கள், தஞ்சாவூரில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காகக் காகிதத்தில் வரைந்த படங்கள், எல்லாம் இந்த வகைதான். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இன்றும் அவை இருக்கின்றன. குவாஷ் ஐரோப்பாவிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைத்துத் தயங்குகிற பெரியவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை.

உங்கள் மெல்லிய பிரஷ்கள், பீங்கான் கிண்ணங்கள், கம் அராபிக் எல்லாம் உதவும். மக்கு வைத்த பலகை வேண்டாம், காகிதம் மட்டும் வாங்குங்கள், அதுவும் உங்கள் கைக்கு ஹாட் பிரஸ்தான் பொருந்தும். வண்ணத்தில் பிசின் குறைந்து, காய்ந்த பிறகும் தொட்டால் பொடியாகக் கையில் ஒட்டுகிற மாதிரி இருந்தால் உங்கள் கம் அராபிக் கரைசலில் ஒரு சொட்டு சேருங்கள், கூடினால் பளபளத்து வெடிக்கும், அந்த அளவு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று வருடம் முன்பு வாங்கிய ட்யூப்கள் கல்லாகிவிட்டன. தூக்கிப் போடவா? – ஈரோடு

வேண்டாம். ட்யூபைக் கத்தரியால் பிளந்து கட்டியை எடுத்து ஒரு சின்ன மூடியில் போட்டு, கொதித்து ஆறிய நீர் சில சொட்டு விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் குழையும். புது ட்யூப் அளவுக்கு வழவழப்பும் மறைக்கும் சக்தியும் இருக்காது, அடிப்பூச்சுக்கு நன்றாகவே போதும். வெள்ளை மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள். அக்ரிலிக் குவாஷ் கல்லாகியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

வகுப்பில் போட்ட ஒரு படத்தைக் கூடத்தில் மாட்டினேன். ஒரே வருடத்தில் ரோஸ் நிறப் பூக்கள் எல்லாம் வெளிறிவிட்டன. வார்னிஷ் அடித்திருக்க வேண்டுமா? – யாழ்ப்பாணம்

வார்னிஷ் காப்பாற்றியிருக்காது. குவாஷ் மேல் வார்னிஷ் அடித்தால் அதன் மங்கிய வெல்வெட் அழகு போய்விடும், நிறங்கள் கருத்து, வெள்ளை கலந்த இடங்கள் திட்டுத் திட்டாகத் தெரியும்.

வெளிறியதற்குக் காரணம் அந்த நிறப்பொடி. டிசைனர்ஸ் குவாஷ் விளம்பரம், புத்தக அட்டை வரைபவர்களுக்காக வந்தது. அந்தப் படங்களை அச்சுக்குப் படம் பிடித்ததோடு வேலை முடிந்தது, அதனால் நாள்பட நிற்குமா என்பதைவிடப் பளிச்சென்று இருக்கிறதா என்பதைத்தான் பார்த்தார்கள். அந்தப் பழக்கத்தில் இன்றும் சில ரோஸ், ஊதா நிறங்கள் வெளிச்சத்தைத் தாங்காதவை. ஓபரா ரோஸ் என்று கண்ணைப் பறிக்கும் நிறம் இருக்கிறதே, அதன் பளிச்சென்ற தன்மை ஒளிரும் சாயத்தால் வருவது, அதுதான் முதலில் போகும். ட்யூபின் பின்னால் நிறப்பொடியின் எண் இருக்கும். மெஜந்தாவுக்கு பிஆர் 122 அல்லது பிவி 19 என்று இருந்தால் நம்பி வாங்கலாம், கூடவே 'பேசிக்' என்று தொடங்கும் சாயப் பெயர் எதுவும் சேர்ந்திருந்தால் அது நிற்காது. எண்ணே போடாத ட்யூபைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படத்துக்குக் கண்ணாடி போட்டுப் பிரேம் செய்யுங்கள். கண்ணாடி படத்தில் ஒட்டாமல் நடுவில் மவுண்ட் இருக்க வேண்டும், ஒட்டினால் ஈரக்காலத்தில் வண்ணம் கண்ணாடியோடு வந்துவிடும். சன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரும், மழைக்கு ஓதம் ஏறும் வெளிச்சுவரும் வேண்டாம். வெளிறிய அந்தப் படத்தை எடுத்துப் பூக்களை மட்டும் புது மெஜந்தாவால் மேலே போட்டுவிடுங்கள், கீழே இருப்பதை மறைக்கும் வண்ணம்தானே, தெரியவே தெரியாது.